கனமான இரையை வீசி முறிந்த மஸ்கி கோலுக்கு ஒட்டுப் போட்ட அனுபவம்

ஒன்டாரியோவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி மீன் பிடிப்பதற்கான பருவம் டிசம்பர் 15ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பருவத்தின் நடுவே, மீன் எதுவும் கடிக்காமல் வெறும் வீச்சிலேயே முறிந்துபோன என்னுடைய எட்டரை அடித் தூண்டில் கோல், இப்போது 12 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும், கடைசி வாரங்களின் குளிரிலும் காற்றிலும் வேலை செய்து முழுதாக வீடு வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்த விதத்தை, இடையில் வீணாய்ப்போன முதல் ஒட்டையும் சேர்த்து, அளவுகளோடும் செலவுக் கணக்கோடும் எழுதி வைக்கிறேன்.

மஸ்கி என்பது வட அமெரிக்க நன்னீர்களில் வாழும் பைக் குடும்பத்தின் மிகப் பெரிய மீன். நான்கடி நீளத்தைத் தாண்டும் மீன்கள் உண்டு. 1988இல் ஜார்ஜியன் விரிகுடாவின் மூன் ஆற்றுப் பகுதியில் பிடிபட்ட ஒன்டாரியோ சாதனை மீன் 65 பவுண்டு எடை கொண்டது. பெரிய இரையைத் தேடி உண்ணும் இந்த மீனுக்கு வீசப்படும் செயற்கை இரைகளும் பெரியவை. இதே ஏரிகளில் பாஸ் மீனுக்கு 10 முதல் 20 கிராம் வரையிலான இரையை வீசுகிறோம் என்றால், மஸ்கிக்கு 60 கிராமில் தொடங்கி, முழுதாக ஒரு பவுண்டு எடையுள்ள ரப்பர் இரைகள் வரை போகிறோம். பத்தாயிரம் முறை வீசினால் ஒரு மீன் என்று இங்கே வழக்கமாகச் சொல்வார்கள். அது மிகைதான், ஆனாலும் ஒரு கோல் ஒரே நாளில் சில நூறு முறை இந்த எடையைச் சுமந்து வளைந்து நிமிர வேண்டியிருக்கிறது என்பது உண்மை. மஸ்கி கோல்கள் மீனின் இழுப்பில் முறிவதைவிட வீச்சில் முறிவதே அதிகம் என்று தோன்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

முறிந்த கோல் கார்பன் இழையால் ஆனது. நீளம் 259 செ.மீ.; அடிப்பகுதி கைப்பிடிக்குள் இறங்கிச் சுருங்கும் வகை. வீசக்கூடிய இரை எடை 3 முதல் 8 அவுன்ஸ், அதாவது 85 முதல் 227 கிராம் வரை என்று தண்டின் மேல் அச்சிடப்பட்டிருந்தது. அன்று கட்டியிருந்தது 12 அங்குல ரப்பர் இரை. அதன் உறையில் 8 அவுன்ஸ் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் கூடுதலாக நான் மாட்டியிருந்த மும்முள், அதைப் பிணைக்கும் எஃகு வளையங்கள், மீனின் பல்லைத் தாங்க நூலின் முனையில் கட்டும் 130 பவுண்டு லீடர், அதை இரையோடு இணைக்கும் கிளிப் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் வைத்தபோது 251 கிராம் காட்டியது. முனை வளையத்துக்குக் கீழே தொங்கும் அனைத்துமே கோலுக்குச் சுமைதான். உறையில் அச்சிட்ட எண்ணை மட்டும் அது சுமப்பதில்லை. இருந்தாலும் 24 கிராம் மிகை மட்டுமே ஒரு நல்ல கோலை ஒடித்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ஒட்டுவதற்கு முன் முறிவை நன்றாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முறிவு முனையிலிருந்து 96 செ.மீ. தொலைவில் இருந்தது. முறிந்த வாயில் ஒரு பக்கத்து இழைகள் விரல் நீளத்துக்குச் சிம்புசிம்பாகக் கிழிந்திருந்தன. மறுபக்கம், அதாவது தூண்டில் நூல் ஓடும் வளையங்கள் இருக்கும் பக்கம், குறுக்கே நேராக ஒடிந்திருந்தது. அந்த நேர்க்கோட்டின் விளிம்பில், வார்னிஷுக்கு அடியில், கடுகளவு வெளிறிய புள்ளி ஒன்று தெரிந்தது. பிறகு பஞ்சைச் சிறிதளவு எடுத்துத் தண்டின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனேன். கார்பன் இழை எங்கேயாவது வெட்டுப்பட்டிருந்தால் பஞ்சு அங்கே சிக்கும். முறிவுக்கு அருகில், அதே பக்கத்தில், இன்னும் இரண்டு இடங்களில் சிக்கியது. அந்த இடங்களை நகத்தால் தொட்டால் பள்ளம் தெரிந்தது.

இந்தப் பள்ளங்கள் எப்படி வந்தன என்பதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுநாடா போதுமானதாக இருந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் படகு ஓடும்போது இரையின் பின் முள்ளை நூல் வளையம் ஒன்றில் மாட்டி, நூலை இறுக்கி, கோலைப் படகின் ஓரத்தில் நிறுத்திவைப்பது வழக்கம்; பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மாட்டும் வளையம் முனையிலிருந்து 124 செ.மீ. தொலைவில் இருக்கிறது. இரை ஏறக்குறைய 30 செ.மீ. நீளம் கொண்டது. அதன் மூக்கிலுள்ள எஃகு வளையமும் லீடரின் கிளிப்பும் சரியாக 95 செ.மீ. பக்கத்தில் வந்து தண்டின் மேல் சாய்கின்றன. படகு அலையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எஃகு அதே இடத்தைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

உடனடிக் காரணம் ரீலில் கிடைத்தது. முறிவதற்குச் சற்று முன் ஒரு பாறையில் இரை மாட்டிக்கொண்டு, அதை விடுவிக்கக் கடுமையாக இழுக்க வேண்டியிருந்தது. அப்படி இழுக்கும்போது 80 பவுண்டு தாங்கும் பிரெய்டு எனும் பின்னல் நூல் ரீல் உருளையின் மேல் அடுக்குகளைப் பிளந்துகொண்டு உள்ளே புதைந்துவிடுகிறது. அடுத்த வீச்சில் நூல் சில மீட்டர் சுலபமாகப் போய், புதைந்த இடம் வந்ததும் சட்டென்று நின்றுவிடும். கால் கிலோ இரை முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நூல் நின்றால், அந்த வேகம் அத்தனையையும் கோல்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் நூலைக் கையால் உருவிப் பார்த்தபோது, அது உள்ளடக்கில் செருகிக்கொண்டிருந்த இடம் விரல்பட்டதும் தெரிந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மீன் இழுக்கும்போது கோல் கீழ்நோக்கி வளைவதால், வளையங்கள் இருக்கும் மேல்பக்கம் நீட்டப்படுகிறது. தலைக்கு மேலாக வீசும்போது நடப்பது நேர்மாறானது: முனை பின்தங்கிப் பின்னோக்கி வளைய, அதே பக்கம் உட்குழிந்து நெருக்கப்படுகிறது. கார்பன் இழை இழுப்பைத் தாங்கும் அளவுக்கு நெருக்கத்தைத் தாங்குவதில்லை. அடிபட்ட பள்ளம் நெருக்கப்படும் பக்கத்தில் இருந்ததால், மீனிடம் ஒருவேளை தப்பியிருக்கக்கூடிய கோல் வீச்சில் தப்பவில்லை. எடை, காயம், புதைந்த நூல் ஆகிய மூன்றில் எது குறைந்திருந்தாலும் அன்று அது முறிந்திருக்காது என்பது என் கணிப்பு.

இதற்கு ஈடான புதிய கோல் 280 கனேடிய டாலர். குறித்த எடைக்கு மேல் கட்டி வீசியது தராசிலேயே தெரிந்துவிட்டதால் உத்தரவாதத்தின் கீழ் மாற்றுக் கேட்க எனக்கு முகமில்லை. ரீல் பொருந்தும் கைப்பிடியும் வளையங்களும் நல்ல நிலையில் இருந்தன. ஒட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

முதல் ஒட்டு வெளியுறை முறையில் போட்டது. பழைய கோல் ஒன்றின் அடித்தண்டிலிருந்து 9 செ.மீ. துண்டை வெட்டி, அதை முனைப்பக்கத்திலிருந்து வளையல் போடுவதுபோல் நுழைத்து, முறிவின் மேல் வந்து இறுகும்படி செய்வது திட்டம். உறை கீழே இறங்குவதற்கு முறிவுக்கு மேலேயுள்ள வளையங்கள் அனைத்தையும் கழற்ற வேண்டும். சவரப் பிளேடை வளையத்தின் உலோகக் காலின் மேல் மட்டும் ஓடவிட்டு, அதைத் தண்டோடு பிணைக்கும் நூற்கட்டை அறுத்தால் தண்டில் கீறல் விழாது. முனை வளையத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சில வினாடிகள் காட்டினால் பசை இளகிக் கழன்று வரும். முறிவின் சிம்புகளை வைரத் தூள் பதித்த சிறு வட்ட பிளேடால் நேராக வெட்டியதில் ஒன்றரை சென்டிமீட்டர் போயிற்று. வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் விளிம்பு பிய்யாது. கார்பன் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. ஈரத்துணியை அருகில் வைத்துக்கொண்டு, முகமூடியும் கையுறையும் அணிந்துதான் இதைச் செய்ய வேண்டும்.

உறையின் உட்பக்கத்தையும் தண்டின் வெளிப்பக்கத்தையும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரு பாகங்களைக் கலந்து இறுகவிடும் எபாக்ஸி பசையில் வேகமாக இறுகும் வகையால் ஒட்டினேன். மறுநாள் பார்த்தபோது ஒட்டு இரும்புபோல் இருந்தது. அந்த விறைப்புதான் பின்னால் வினையானது. கைப்பிடியை மேசையில் படுக்கைவசமாகப் பிடித்து இறுக்கி, முனையில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அளவுக் குவளையால் நீர் ஊற்றிக்கொண்டே போனேன். வாளியும் நீரும் சேர்ந்து 1.4 கிலோ ஆனபோது ஒட்டின் மேல்விளிம்பை ஒட்டினாற்போல் தண்டு மடங்கி ஒடிந்தது. ஒட்டு அசையவே இல்லை. வளையும் தண்டின் நடுவில் வளையாத ஒரு துண்டை, அதுவும் சதுரமாக வெட்டிய விளிம்புகளோடு வைத்துவிட்டதால், வளைவு முழுவதும் அந்த விளிம்பில் போய்க் குவிந்துவிட்டது. ஏரியில் வீசிப் பார்க்காமல் வாளியில் பார்த்ததால் ஒரு ரப்பர் இரையாவது மிஞ்சியது.

இரண்டாவது ஒட்டுக்கு எனக்குத் தேவைப்பட்டது கார்பனைவிட நெகிழும் பொருள், நீளமான பிடிப்பு, இரு முனைகளிலும் படிப்படியாகக் கரைந்துபோகும் விறைப்பு. அப்படிப்பட்ட பொருள் கனடாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. பனி அள்ளும் வண்டிக்கு வழியின் ஓரத்தைக் காட்டுவதற்காக நடுகிற, ஆரஞ்சு நிறக் கண்ணாடி இழைக் குச்சியைத்தான் சொல்கிறேன். அதில் ஒரு துண்டை, குழாயாக இருக்கும் கோலின் இரு துண்டுகளுக்குள்ளும் நுழைத்து ஒட்டுவது திட்டம். கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. குறுக்களவுள்ள திடமான குச்சி ஒன்று வன்பொருள் கடையில் 4 டாலர். உள்ளே குழாயாக இருக்கும் குச்சிகளும் விற்கிறார்கள். வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் மேல்பக்கத்தைத் தேய்த்துக் குறைத்தாலும் குச்சியின் வலிமை பெரிதாகக் கெடுவதில்லை.

உறை ஒட்டியிருந்த பகுதியைச் சூடாக்கிக் கழற்றலாமா என்று யோசித்தேன். எபாக்ஸியை இளக்கும் சூடு தண்டின் பிசினையும் கெடுக்கக்கூடும் என்பதால் அதை வெட்டியே எறிந்தேன். இரண்டு முறிவுகளின் சிம்பும் உறையும் சேர்ந்து மொத்தம் 12 செ.மீ. போயிற்று, கோல் 247 செ.மீ. ஆனது. இதனால் ஒரு சிக்கலும் வந்தது. தண்டு அடியிலிருந்து முனைக்கு ஒடுங்கிக்கொண்டே போவதால், இப்போது எதிரெதிரே நிற்கும் இரு வாய்களும் ஒரே அளவில் இல்லை. வெர்னியர் காலிப்பரில் மேல்துண்டின் வெளிக்குறுக்களவு 7.6 மி.மீ., உட்குறுக்களவு 5.2, கீழ்த்துண்டில் அவை 8.2, 5.8. ஆகவே உள்ளே நுழையும் தண்டையும் இரண்டு அளவுகளில் செதுக்க வேண்டியதாயிற்று.

உள்தண்டின் மொத்த நீளம் 24 செ.மீ.; ஒவ்வொரு பக்கமும் 12. குச்சியை மின் துளைக்கருவியின் வாயில் பொருத்திச் சுழலவிட்டு, ஈரமான உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து, முதலில் 120 எண்ணாலும் பிறகு 220 எண்ணாலும் தேய்த்தேன். மேல்பாதி இணைப்பு வாயில் 5.2 மி.மீ. தடிப்பில் தொடங்கி, மேலே போகப்போக 4.6 வரை ஒடுங்கும், கீழ்ப்பாதி 5.8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகச் சீராக இருக்கும். இரு முனைகளிலும் கடைசி 2 செ.மீ. பென்சில் முனைபோல் கூராக்கப்பட்டது. முதல் ஒட்டில் விடுபட்டது இந்தக் கூர்தான். தேய்க்கும்போது பத்து வினாடிக்கு ஒரு முறை நிறுத்தி அளந்தேன். கண்ணாடி இழை எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்கிறது, தேய்ந்ததைத் திரும்ப ஏற்ற வழியில்லை. இந்தத் தூளும் தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும்.

கீழ்த்துண்டின் உட்குழி உள்ளே போகப்போக அகலமாவதால், வாயில் இறுகி நிற்கும் உள்தண்டு 12 செ.மீ. ஆழத்தில் ஆடும். அந்த இடைவெளி ஒவ்வொரு பக்கமும் 0.3 மி.மீ. அளவில் இருந்தது. உள்தண்டின் கீழ்ப்பாதியில் இரண்டு இடங்களில் நைலான் நூலைச் சுற்றி, அதை எபாக்ஸியில் நனைத்து, வாயில் நுழையும் அளவுக்குத் தடிமனாக்கினேன். வாயை விட அகலமாகிவிடாமல் சுற்ற வேண்டும் என்பதால் இந்தச் சுற்று முழு இடைவெளியையும் அடைக்கவில்லை. மீதியைப் பசைதான் நிரப்பியது. மேல்துண்டில் வேறொரு தொல்லை. அதன் முனை மூடியிருந்தால் உள்தண்டு பிஸ்டனைப் போல் காற்றை அடைத்து, பசையையும் தன்னையும் வெளியே தள்ளும். உள்தண்டின் நீளத்துக்கும் மெல்லிய அரத்தால் ஆழமில்லாத ஒரு பள்ளத்தை இழுத்துவிட்டால் காற்று அதன் வழியே வெளியேறிவிடும்.

ஒட்டுவதற்கு முன் இரண்டு வாய்களையும் சுற்றி 1 செ.மீ. அகலத்துக்கு நூல் கட்டி எபாக்ஸி பூசினேன். குழாயின் வாய் நெடுக்கே பிளப்பதுதான் உள்தண்டு ஒட்டுகளுக்கு வரும் வழக்கமான சாவு. இந்தக் கட்டு அதைத் தடுக்கிறது. பிறகு, 24 மணி நேரத்தில் மெதுவாக இறுகும் எபாக்ஸியைக் கலந்து, உள்தண்டில் தாராளமாகப் பூசி, திருகிக்கொண்டே நுழைத்தேன். மெதுவாக இறுகும் பசையில் இன்னொரு வசதி, கோணலைத் திருத்த நேரம் கிடைக்கிறது. கோலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கியில் குறிபார்ப்பதுபோல் அடியிலிருந்து முனைவரை பார்த்துச் சரிசெய்தபின், நிலவறையின் உத்தரத்திலிருந்து அதைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, வழிந்த பசையை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன்.

மறுநாள் இணைப்பின் மேல் 6 செ.மீ. நீளத்துக்கு டி அளவு தடித்த நைலான் நூலைச் சுற்று விலகாமல் நெருக்கமாகச் சுற்றினேன். குறுக்களவில் 0.6 மி.மீ. வேறுபாட்டால் படி இருந்த இடத்தை முதலில் எபாக்ஸியால் சரிவாக்கிக்கொண்டதால் நூல் வழுக்கவில்லை. நூல் சுற்றுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றின் இரு பக்கங்களிலும் ஆங்கில வி எழுத்தின் வடிவில் வெட்டி அதில் கோலைக் கிடத்தி, நூலை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே விட்டு இழுத்தால் வேண்டிய இறுக்கம் கிடைத்துவிடுகிறது. இறுக்கம் போதவில்லை என்றால் மேலே இன்னொரு புத்தகம். என்னிடம் இருந்த பழைய வரிவிதிப்பு வழிகாட்டிக்கு முதன்முறையாக ஒரு பயன் கிடைத்தது.

கழற்றிய வளையங்களைத் திரும்பக் கட்டும்போது ஒவ்வொன்றின் காலையும் உருப்பெருக்கியில் பார்த்தேன். சிலவற்றின் காலின் அடிப்பகுதி பிசிறோடு, பிளேடு விளிம்பாகவே இருந்தது. நெருக்கமாக நூல் சுற்றியபின் அந்த விளிம்பு தண்டுக்குள் பதியும். நாளடைவில் அங்கேயும் ஒரு பள்ளம் விழும். மெல்லிய அரத்தால் எல்லாக் கால்களையும் மழுக்கி, நுனியைச் சரிவாக்கி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் ஒரு முறை இழுத்தேன். இது கால் மணி நேர வேலைதான். புதிய கோலுக்கும் இதைச் செய்யலாம் என்றால் நூற்கட்டைப் பிரிக்காமல் முடியாது. இணைப்பின் இரு முனைகளுக்கும் 3 செ.மீ. தொலைவுக்குள் எந்த வளையத்தின் காலும் வராதபடி இடைவெளிகளை மாற்றினேன். வளையங்களை முதலில் ஒட்டுநாடாவால் மட்டும் நிறுத்தி, நூலைக் கோத்து, கோலை வளைத்துப் பார்த்து, நூல் எங்கேயும் தண்டில் உரசவில்லை என்று உறுதியான பிறகே கட்டினேன். முனை வளையம் மட்டும் புதியது. பழையதன் உட்புறப் பீங்கான் வளையத்தில், லீடரின் கிளிப்பை வேகமாகச் சுற்றி இழுத்து மோதியதால் வந்த மயிரிழை விரிசல் இருந்தது. அந்த விரிசல் பிரெய்டு நூலை நாளெல்லாம் அறுக்கும்.

நூலின் மேல் பூசும் எபாக்ஸி சம அளவில் கலக்க வேண்டியது. கண்ணளவில் கலந்தால் பிசுபிசுப்பு போகவே போகாது. இரண்டு பாகங்களையும் தனித்தனிச் சிரிஞ்சில் 3 மி.லி. வீதம் எடுத்துக்கொண்டேன். நிலவறையில் அப்போது 17 டிகிரி. அந்தக் குளிரில் பசை தேனாகக் கெட்டியாகி, குமிழ்களை விடாமல் பிடித்துக்கொள்கிறது. புட்டிகளை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி, சிறு ஹீட்டரால் அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவந்தபின் வேலை எளிதானது. பூசியதும் ஸ்பிரிட் விளக்கின் சுடரை அடியில் ஒரு கணம் காட்டினால் குமிழ்கள் வெடித்து மறைகின்றன. அதன் பிறகு கோல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பசை ஒரு பக்கம் தொங்கிவிடும். பார்பிக்யூவில் இறைச்சியைச் சுழற்றும் மோட்டாரை எடுத்து, அதன் துளையில் மரத்துண்டு ஒன்றை அடித்து, கைப்பிடியின் முனையை அதில் ரப்பர் பட்டையால் கட்டினேன். நிமிடத்துக்குச் சுமார் மூன்று சுற்று; கொஞ்சம் மெதுவானதுதான், ஆனால் மெல்லியதாக இரண்டு பூச்சுப் பூசியதால் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு பூச்சுக்கும் ஆறு மணி நேரம் சுழலவிட்டு, ஒரு நாள் காயவைத்தேன்.

வாளிச் சோதனையில் இந்த முறை 2 கிலோவில் நிறுத்தினேன். வளையங்கள் மேலே இருக்கும்படி ஒரு முறை, கோலைத் திருப்பி வளையங்கள் கீழே இருக்கும்படி ஒரு முறை. இரண்டாவதைத் தவறவிடக் கூடாது. மேலே சொன்னபடி, வீச்சில் கோல் வளையும் திசை அதுதான். இரண்டிலும் சத்தமில்லை. இணைப்பு இருக்கும் ஒரு சாண் நீளத்தில் வளைவு கொஞ்சம் நேராகத் தெரிகிறது. ஆனால் அது ஒரே விளிம்பில் முடியாமல் இரு பக்கமும் கரைந்துவிடுகிறது.

வீச்சுச் சோதனையைப் புல்வெளியில், முள் கழற்றிய இரைகளோடு செய்தேன். 57 கிராமில் தொடங்கி, 85, 113, 142 என்று ஏற்றிக்கொண்டே போனேன். 170 கிராமில், அதாவது 6 அவுன்ஸில், ஒரு மெல்லிய சொடுக்கு கேட்டது. உடனே நிறுத்திப் பார்த்தபோது, நூற்கட்டின் மேல்முனையில் பூச்சு மட்டும் வளையமாக விரிசல் விட்டிருந்தது. தண்டில் பஞ்சு சிக்கவில்லை. பூச்சுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த இடத்தில் தண்டு மற்ற இடங்களைவிட அதிகமாக வளைகிறது என்பதற்கு அது அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, கோலின் உச்ச எடையை 142 கிராம், அதாவது 5 அவுன்ஸ் என்று நிர்ணயித்தேன். பழைய எண்ணின் மேல் வெள்ளை மையால் புதிய எண்ணை எழுதிவிட்டேன், அதுவும் லீடரோடு சேர்த்து என்று.

நவம்பரில் பிஜன் ஏரியிலும் பக்ஹார்ன் ஏரியிலும் இந்தக் கோலை நாள் முழுவதும் பயன்படுத்தினேன். இரண்டு தகடுகள் சுழலும் வாலிரைகள், மரத்தாலான இழுப்பு இரைகள், எல்லாம் 60 முதல் 120 கிராமுக்குள். படகோரத்தில் கோலின் முனையால் எட்டு வடிவம் வரைந்து இரையைத் திருப்பும்போது கடித்த ஒரு மீன், மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், கோலை நீருக்குள் இழுத்து வளைத்தது. நூல் குறுகியிருக்கும் அந்த நேரத்தில் ரீலிலிருந்து நூல் நழுவுவதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை முழுதாகப் பூட்டிவைப்பவர்கள் உண்டு. நான் கையால் பலமாக இழுத்தால் நூல் நழுவும் அளவுக்கு விட்டிருந்தேன். ஒட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோலைவிட வீசும் பழக்கத்தில்தான் அதிகம் மாற வேண்டியிருந்தது. முனையிலிருந்து இரை ஒன்றரை அடியாவது தொங்கும்படி விட்டு, இரண்டு கைகளாலும் பிடித்து, இரை பின்னால் போய்க் கோலை முழுதாக வளைத்தபிறகு, இடுப்பைத் திருப்பி ஒரே சீராகத் தள்ளிவிட வேண்டும். இரை முனைக்கு அருகில் இருக்கும்போது மணிக்கட்டால் சுண்டினால் எடை முழுவதும் மெல்லிய மேற்பகுதியில் விழுகிறது. தூரம் சில மீட்டர் குறைகிறது. மஸ்கிக்கு அது பெரிய நட்டமில்லை, பல மீன்கள் படகின் அருகில்தான் கடிக்கின்றன. வீசுவதற்கு முன் முனை வளையத்தில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு பார்வை. இரை பாறையில் மாட்டினால் கோலை வளைத்து இழுக்காமல், கோலை நேராக நீட்டி, நூலை ஒரு மரக்கட்டையில் சுற்றிக் கட்டையைப் பிடித்து இழுக்கிறேன். விடுபட்டதும் அந்தப் பகுதி நூலை வெளியே உருவி, ஈரக் கையுறையால் அழுத்திப் பிடித்துத் திரும்பச் சுற்றுகிறேன். 80 பவுண்டுக்குப் பதிலாக 100 பவுண்டு பிரெய்டு ஏற்றியிருக்கிறேன். கூடுதல் வலிமைக்காக அல்ல, தடித்த நூல் எளிதில் புதையாது என்பதற்காக. இரையை இனி வளையத்தில் மாட்டுவதில்லை. படகு ஓடும்போது அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறேன், அல்லது தண்டோடு சேர்த்துத் துணியுறையால் சுற்றிவிடுகிறேன்.

செலவு: குச்சி 4 டாலர், மெதுவாக இறுகும் எபாக்ஸி 14, நூற்கட்டுக்கான பூச்சு 27, இரண்டு நூலுருளை 11, முனை வளையம் 6, சிரிஞ்சுகள் 3, மொத்தம் 65. முதல் ஒட்டில் வீணான வேக எபாக்ஸிக்கு 8 சேர்த்தால் 73. பூச்சிலும் நூலிலும் பெரும்பகுதி மிச்சமிருப்பதால் அடுத்த வேலைக்கு இதில் பாதிகூட ஆகாது. நேரத்தைக் கணக்கில் எடுத்தால் மலிவு என்று சொல்ல முடியாது. எடை வரம்பும் 8 அவுன்ஸிலிருந்து 5க்கு இறங்கியிருக்கிறது. 12 அங்குல ரப்பர் இரைகளுக்கு, 12 அவுன்ஸ் வரை தாங்கும் இன்னும் தடித்த கோல் ஒன்றை வசந்தத்தில் வாங்கத்தான் போகிறேன். ஒரு பவுண்டு இரைகளைத் தொடும் எண்ணம் இல்லை. என் தோள் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

இதே வேலையைத் திரும்பச் செய்வதானால் சிலவற்றை மாற்றுவேன். வெளியுறையைத் தொடாமல் நேராக உள்தண்டுக்கே போனால் பத்து சென்டிமீட்டர் கோல் மிஞ்சும். இரு வாய்களின் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போகும், படியைச் சரிவாக்கும் வேலையும் இருக்காது. உள்தண்டின் கூர்முனையை 2 செ.மீ.க்குப் பதிலாக 4 செ.மீ. ஆக்குவேன்; 170 கிராமில் பூச்சு விரிந்தது, ஒட்டின் விறைப்பு இன்னும் மெதுவாகக் கரைய வேண்டும் என்பதைக் காட்டுகிறது. மேலே சுற்றிய நூற்கட்டின் முனைகளையும் சட்டென்று முடிக்காமல், ஏ அளவு மெல்லிய நூலில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் தொடர்வேன். அந்த விரிந்த பூச்சை மட்டும் இந்த வாரம் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அப்படியே ஒரு மெல்லிய கட்டுப் போட்டுப் பார்க்கப் போகிறேன். பார்பிக்யூ மோட்டாரை எப்படியும் ஏப்ரல்வரை யாரும் கேட்கப்போவதில்லை.